காசோலை தேறுமுன் கையெழுத்து: லீன் விலக்கில் நான்கு மாநிலங்கள், நான்கு வழிகள்

அமெரிக்காவில் ஒரு கட்டடத்துக்குக் கான்கிரீட்டோ கம்பியோ கொடுத்தவருக்குப் பணம் வராவிட்டால், அந்தச் சொத்தின் மீதே பற்றுரிமை கோரிப் பதிவு செய்ய முடியும்; இதை மெக்கானிக்ஸ் லீன் என்பார்கள். ஒவ்வொரு தவணையைக் கொடுக்கும்போதும், அந்தத் தொகைக்கான லீன் உரிமையைக் கைவிடுவதாக உரிமையாளரும் அவருக்குக் கடன் கொடுத்த வங்கியும் எழுதி வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். இந்த விலக்குப் பத்திரத்தின் வாசகத்தைச் சில மாநிலங்கள் சட்டத்திலேயே வகுத்துவிட்டன. கையெழுத்திட்ட நாளுக்கும் காசோலை வங்கியில் தேறும் நாளுக்கும் நடுவே ஏதாவது நேர்ந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்பதே இவற்றை எடைபோடச் சரியான அளவுகோல்.

கலிபோர்னியாவும் டெக்சாஸும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இடைத் தவணைக்கு இரண்டு, இறுதித் தவணைக்கு இரண்டு என நான்கு படிவங்கள் இரு மாநிலங்களிலும் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று நிபந்தனையுள்ளது, மற்றது நிபந்தனையற்றது. நிபந்தனையுள்ள படிவத்தில் ஒப்பமிட்டவர், காசோலையின் பணம் வங்கியிலிருந்து கைக்கு வந்து சேரும்வரை எதையும் இழப்பதில்லை. வேறுபாடு நிபந்தனையற்ற படிவத்தில்தான் தெரிகிறது. பணம் வராவிட்டாலும் இது உங்களைக் கட்டுப்படுத்தும் என்று கலிபோர்னியாவின் படிவம் எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது. டெக்சாஸ் படிவமோ, பணம் கொடுக்காமல் இதில் கையெழுத்துக் கேட்பதே தடை செய்யப்பட்டது என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது. அவசரத்தில் தாளை நீட்டும் ஒப்பந்ததாரரிடம் சிறு சப்ளையர் விரல் வைத்துக் காட்ட ஒரு வரி கிடைக்கிறது என்பதால், இந்த இடத்தில் டெக்சாஸே மேல் என்பேன். நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும் என்ற அலைச்சலையும், 2022 ஜனவரி 1 முதல் உரிமையாளரோடு நேரடியாகச் செய்யப்படும் மூல ஒப்பந்தங்களுக்கு அது நீக்கிவிட்டது. ஆனால் பெற்ற பணத்திலிருந்து தன் கூலியாட்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் உடனே தீர்ப்பதாக ஒப்பமிடுபவர் உறுதியளிக்க வேண்டும் என்பதால், படிக்காமல் கையெழுத்திடத்தக்க தாள் அல்ல அது. கலிபோர்னியாவின் இடைத் தவணைப் படிவத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு: வேலை முடியும்வரை பிடித்து வைக்கப்பட்ட தொகையையும் பணம் வராத கூடுதல் வேலைகளையும் விலக்கிலிருந்து அது வெளிப்படையாகவே ஒதுக்கி வைக்கிறது.

ஜார்ஜியாவின் போக்கு முற்றிலும் வேறு. அங்கே இடைத் தவணைக்கு ஒன்று, இறுதித் தவணைக்கு ஒன்று என இரண்டே படிவங்கள்தான். பணம் வருமுன்னரே கையெழுத்திடுவது அங்கே இயல்பு, ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஒருவர் மார்ச் 3-ஆம் தேதி ஒப்பமிட்டார், பணம் வரவில்லை என்று வையுங்கள். 90 நாள் கெடு ஜூன் 1-ஆம் தேதியோடு முடிவதற்குள் பணம் வரவில்லை என்ற பிரமாணப் பத்திரத்தை அவர் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் பதிவு செய்யாவிட்டால், முழுத்தொகையும் வந்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும். 2021-க்கு முன் கெடு 60 நாள்தான். அதைவிடக் கொடுமை, அந்தக் கெடு தவறினால் லீன் மட்டுமல்ல, ஒப்பந்தத்தின்படி கடனைக் கேட்டு வழக்கிடும் உரிமையும் போய்விடும் என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் தலையிட்டு, விலக்கு லீன் உரிமைக்கும் பிணைப் பத்திர (பணம் வராவிட்டால் ஈடுகட்ட எடுக்கப்படும் உத்தரவாத) உரிமைக்கும் மட்டுமே பொருந்தும் என்று 2021 முதல் வரையறுத்த பிறகே சப்ளையர்கள் மூச்சுவிட்டார்கள். அப்போதும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பு பணம் வராதவரிடமே இருக்கிறது; கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் நிபந்தனையுள்ள படிவத்தில் ஒப்பமிட்டவரை, பணம் வராதவரை அந்த விலக்கு கட்டுப்படுத்தாது.

புளோரிடாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சட்டத்தில் உள்ள படிவத்துக்கு மாறான ஒன்றைத் தரும்படி யாரையும் வற்புறுத்த முடியாது. காசோலைக்கு ஈடாகக் கையெழுத்திடுபவர், அது தேறினால்தான் விலக்கு என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. சேர்க்காதவருக்காக அந்த வரியைச் சட்டம் தானாக எழுதித் தராது என்பதால், புளோரிடாவுக்குச் சரக்கு அனுப்புபவர் தன் படிவத்தில் அதை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொள்வது நல்லது.