கடலடி எரிவாயுவா, கூரை மேல் வெயிலா?

இலங்கையின் மின்சாரத்துக்கு எதில் முதலில் காசு போடுவது? மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் நின்று பேசினால் இந்தக் கேள்வி தூரத்து விஷயமாகத் தெரியாது. மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள். ஆயிரம் மீற்றருக்கும் ஆழமான நீருக்கு அடியில் இருக்கிறது. ஒரு மின்நிலையத்துக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை. ஆழ்கடலில் கிணறு தோண்ட, குழாய் போட, கரையில் நிலையம் கட்ட என்று செலவு முழுக்க முன்கூட்டியே இறங்கும். வெளிநாட்டுக் கம்பனி வந்தால்தான் நடக்கும். ஆனால் அந்த வாயு வந்தால், 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க நாம் கொடுக்கும் டொலர் குறையும். மின்சாரத்துக்கு எரிக்கும்போது வெளிவரும் கரியமிலவாயுவும் நிலக்கரியில் பாதியளவுதான். இரவில் விளக்கெரிய அது உதவும், வெயில் உதவாது.

வெயிலோ எங்கள் பக்கம் தாராளம். கூரையில் சூரிய மின்தகடு போட உள்நாட்டு அனுமதியும் வீட்டுக் காசும் போதும். ஆனால் பகலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியதால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பற்றரி இல்லாமல் தகடு மட்டும் பெருகினால் இதுதான் நடக்கும்.

என்னைக் கேட்டால், முதல் காசு பற்றரிக்கும் மின்கம்பிக்கும் போகவேண்டும். கிழக்குக் கடலில் வாயு தேடுவதானால், முதலில் எங்கள் மீனவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும். வலை போடுகிற இடம் அவர்களுக்குத்தான் தெரியும்.