மூக்கடைப்பு ஸ்பிரே: வேகமானதா, மெதுவானதா?

மூக்கடைப்புக்கான ஸ்பிரேக்கள் பார்வைக்கு ஒரே மாதிரிக் குப்பிகளில் வருகின்றன. உள்ளே இருக்கும் மருந்துகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

வேகத்தில் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையை மற்றவை நெருங்க முடியாது. மூக்கின் உட்சவ்வில் வீங்கியிருக்கும் ரத்தக்குழாய்களைச் சில நிமிடங்களில் சுருக்கிவிடும். பலன் பத்து, பன்னிரண்டு மணி நேரம்வரை நிற்கும். ஜலதோஷத்தில் தூக்கம் கெடும் இரண்டு மூன்று இரவுகளுக்கு என் வாக்கு இதற்கே. அதற்குமேல் இதை நம்ப மாட்டேன். தொடர்ந்து தெளித்தால், மருந்தின் பிடி தளரும்போதெல்லாம் குழாய்கள் மறுபடி வீங்கத் தொடங்கும். சளி இன்னும் விடவில்லை என்று நினைத்து மீண்டும் தெளிப்போம். உண்மையில் சளி எப்போதோ போயிருக்கும். இப்போது மூக்கை அடைப்பதே மருந்துதான். மருத்துவர்கள் இதை ‘ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா’ என்பார்கள். சில நாட்களுக்கு மேல் வேண்டாம் என்று குப்பியில் அச்சிட்டிருப்பது இதனால்தான். எழுத்து மட்டும் ஏனோ எறும்பளவு! உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது: ஒன்றிரண்டு மில்லி விழுங்கினாலே ஆபத்து.

ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் நேர் எதிர். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம்; பொறுமையற்றவர்கள் மூன்றாம் நாளே தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் இவை அழற்சியையே தணிக்கின்றன, நிறுத்தியதும் பழிவாங்குவதில்லை. ஒவ்வாமையால் மாதக்கணக்கில் மூக்கு அடைப்பவர்களுக்கு இதுவே சரி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரை நோக்கித் தெளித்தால் அது குறையும்.

உப்புநீர் ஸ்பிரேக்கு நாள் கணக்கே இல்லை, வீரியமும் அவ்வளவுதான். வீட்டில் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்கவைத்து ஆறிய நீர் கட்டாயம்: குழாய்நீரில் அரிதாக இருக்கும் நெகிளேரியா அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைக் குடிக்கும்.

மூக்கடைப்புக்கு விழுங்கும் ஃபினைலெஃப்ரின் மாத்திரையை இந்தப் போட்டியில் சேர்க்கவே தேவையில்லை. வாய்வழி எடுத்தால் அது பலன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே வேகமான ஸ்பிரேயில் சிக்கியவர்களுக்கு மெதுவானதுதான் வெளியேறும் வழி. மருத்துவர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டுப் பழையதை நிறுத்தச் சொல்வார்கள். முதல் சில நாட்கள் கொடுமையாக இருக்கும். தாங்காதவர்கள் முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்தலாம். மறுபக்கம் திறந்திருப்பதால் இரவில் தூங்க முடியும்.