30 கிலோ தராசில் 50 கிராம் மிளகு: டவுன் மளிகைக் கடைக்கு எந்த எடை மெஷின்?

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய காலத்தில் டவுன் பஸ்கள் போஸ் மைதானத்திலிருந்து ஓடின. 2023 ஜூனில் ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறந்த பிறகு அதைச் சுற்றியுள்ள சின்ன மளிகைக் கடைகளின் வியாபாரம் ஒரு மாதிரியாக நிலைத்திருக்கிறது. பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கிறவர் வந்து நிற்பார். 50 மிளகு, 100 சீரகம், கால் கிலோ ஜவ்வரிசி என்று கேட்பார். மாதச் சாமானை மூட்டையாக எடுப்பவர் மொத்தக் கடைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விடுவார். டவுன் கடைக்கு மிஞ்சுவது பொட்டல வியாபாரம்தான்.

ஆனால் புதுக் கடை போடுகிறவர் எடை மெஷின் வாங்கப் போனால் முதலில் எடுத்து வைக்கிற மாடல் 30 கிலோ, 5 கிராம். பார்க்கக் கனமாக, பெரிய தட்டோடு, 'எதையும் நிறுக்கலாம்' என்ற தைரியத்தைக் கொடுக்கும். பொட்டலக் கடைக்கு அதை ஒற்றை மெஷினாக வாங்குவது தப்பு. ஏன் என்பதற்கான பதில் மெஷினின் பெயர்த்தகட்டிலேயே இருக்கிறது.

தகட்டில் 'மேக்ஸ்' (அதிகபட்ச எடை), 'மின்' (குறைந்தபட்ச எடை), 'இ' என்ற ஆங்கில எழுத்து, இந்த மூன்றையும் தேடுங்கள். 'இ' என்றால் எண் எத்தனை கிராமாகத் தாவும் என்பது. கடைகளில் ஓடுகிற, துல்லியத்தில் மூன்றாம் வகுப்பு மெஷினில் 'மின்' என்பது அந்த 'இ'-யைப் போல 20 மடங்கு. 5 கிராம் மெஷினுக்கு 100 கிராம். அதற்குக் கீழே நிறுக்க அந்த மெஷின் செய்யப்படவே இல்லை. 47.5-லிருந்து 52.5 கிராம் வரை தட்டில் எது இருந்தாலும் திரையில் 50 என்றே நிற்கும். மிளகைக் கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2.5 கிராம் 2 ரூபாய். நாளைக்கு 40 பொட்டலம் என்றால் 80 ரூபாய், 26 நாளில் 2,080. எண் 50-க்குத் தாவியதும் கையை நிறுத்துகிற கடையில் அந்தப் பணம் வாங்குகிறவருக்கு நஷ்டம். குறைந்துவிடுமோ என்று இன்னொரு சிட்டிகை போடுகிற நல்ல மனசுக்காரர் கடையில் முதலாளிக்கு நஷ்டம். இரண்டுமே வேண்டாத வேலை.

இதைவிட மோசமான ஒன்று கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. பெரும்பாலான எலக்ட்ரானிக் தராசுகளில் பூஜ்யத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற வசதி உண்டு. காலித் தட்டில் தூசி விழுந்தால் எண் ஏறாமலிருக்க வைத்தது. ஏலக்காயைக் காலித் தட்டில் இரண்டு இரண்டாக மெதுவாகப் போட்டால், மெஷின் அதையும் தூசி என்றே எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். பத்துக் காய் போட்டும் திரையில் பூஜ்யம் நிற்பது இதனால்தான். பாத்திர எடையைக் கழிக்கிற 'டேர்' பொத்தானை அழுத்தி பூஜ்யமாக்கினாலும் இதே கதை. வழி சுலபம்: 200 கிராம் எடைக்கல்லை முதலில் தட்டில் வைத்து, 'டேர்' அழுத்தாமல், 200-க்கு மேல் ஏறுவதைப் பார்த்துப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் பிறகு எடுத்துக் குறைப்பதும் சரிதான்.

அப்படியென்றால் எதை வாங்குவது? 15 கிலோ வரை 2 கிராம், அதற்கு மேல் 30 கிலோ வரை 5 கிராம் என்று தானே மாறிக்கொள்கிற இரட்டை ரேஞ்ச் மெஷின்தான் இந்தத் தெருக்களுக்குப் பொருந்துகிறது. 'மின்' 40 கிராம், ஆகவே 50 மிளகு கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஒரு கிலோவுக்குக் கீழே, அரசு முத்திரை போடும்போது இதற்கு அனுமதித்த பிழை 1 கிராம். 5 கிராம் மெஷினில் அதுவே 2.5. ஏலக்காய், கிராம்பு அதிகம் போகிற கடை என்றால் பக்கத்தில் ஒரு கிலோ கொள்ளளவுச் சின்ன மெஷின் ஒன்று தனியாக இருக்கட்டும். ரேட் போட்டுப் பில் அடிக்கிற மெஷின் இந்த அளவுக் கடைக்குத் தேவையில்லை. விலைப் பட்டியல் மாறும்போதெல்லாம் ஏற்றுகிற வேலைதான் கூடும்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை நடுத்தட்டில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு நாலு மூலைக்கும் நகர்த்துங்கள். 4 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு மெஷின் கேளுங்கள். இதற்கு எடைக்கல் தேவையில்லை, அதே கேன் போதும். அடுத்து, மெஷினைக் கவிழ்த்து ஈய சீல் எங்கே, பேட்டரி மூடி எங்கே என்று பாருங்கள். பேட்டரிக்குத் தனி மூடி இருக்க வேண்டும். உடம்பைத் திறந்துதான் பேட்டரி மாற்ற முடியும் என்றால் சீல் உடையும். சீல் உடைந்தால் மறுமுத்திரை போடாமல் அந்த மெஷினில் வியாபாரம் செய்யக் கூடாது. ஆன்லைனில் மலிவாக வருகிற மெஷின்கள் பலவற்றில் 'வணிகத்துக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும். மாடல் அனுமதி இல்லாத மெஷினுக்கு முத்திரையே விழாது, காசு வீண்.

சேலத்துக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: ஜவ்வரிசி. புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்குதான், ஆனால் தராசுக்குப் பகை. தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள சந்து சில மில்லிமீட்டர்தான். அள்ளும்போது சிதறுகிற ஒரு மணி உருண்டு போய் அந்தச் சந்தில் சரியாக உட்கார்ந்துவிடும். எடை ஏறும்போது தட்டு மயிரிழை அளவு கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால்தான் உள்ளே உள்ள லோடு செல் அதை உணரும். மணி முட்டுக் கொடுத்தால் பாரத்தில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்ளும். சின்னப் பொட்டலத்தில் தெரியாது. ஐந்து, பத்து கிலோ வைக்கும்போது குறைத்துக் காட்டும். குறைகிறதே என்று சரக்கைக் கூட்டிப் போட்டுக் கொடுப்பது கடைக்காரர். தினம் காலையில் கடை திறந்ததும் தட்டை நேராக மேலே தூக்கி எடுத்து, ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால் சுற்றிலும் தள்ளிவிடுங்கள். வெல்லம் விற்கிற கடையில் தட்டின் கீழே உள்ள ரப்பர் குமிழ்களில் பாகு ஒட்டி எறும்பு உள்ளே குடியேறும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

மெஷினைத் தட்டைப் பிடித்துத் தூக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். முழு பாரமும் லோடு செல்லில் தொங்கும். உடம்புக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். வெல்ல மூட்டையைச் சாண் உயரத்திலிருந்து தொப்பென்று போட்டால், 30 கிலோவுக்குள்தானே என்ற கணக்கு செல்லாது. அந்த அதிர்ச்சியில் செல் வளைந்தால் பூஜ்யம் நிரந்தரமாக நகர்ந்துவிடும்.

வைக்கிற இடம் கடப்பாக்கல் பலகையாக இருப்பது நல்லது. மரப்பலகை, பஸ் போகும்போது ஆடும். நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் வரும்வரை கால்களைத் திருகுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் 2 கிராம் மெஷினில் எண் நிற்காமல் அலையும். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை பூஜ்யம் அழுத்திவிட்டு வியாபாரத்தைத் தொடங்குங்கள்.

பேட்டரி பெரும்பாலும் 6 வோல்ட் லெட் ஆசிட். முழுக்கத் தீர்ந்த நிலையில் ஒரு வாரம் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கொள்ளளவு போய்விடும். பொங்கலுக்குக் கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் முழு சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

ஏற்காட்டில் காபி, மிளகு வாங்கி விற்கிறவர்களுக்கு ஒரு சொல். சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். மேலே போகப் போகப் புவியீர்ப்பு கொஞ்சம் குறையும். கீழே சரிசெய்த மெஷினை மேலே கொண்டுபோனால் 20 கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம் குறைத்துக் காட்டும். எந்த ஊரில் ஓடுமோ அந்த ஊரிலேயே சரிசெய்து முத்திரை போடச் சொல்லுங்கள்.

முத்திரை ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. முத்திரையில் வருஷத்தோடு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும், அது காலாண்டு. சான்றிதழை வாங்குகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். தேதி கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தோடு மோதினால் ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க யாருக்கும் கை ஒழியாது.