ஆட்டோகான்ஃப் 2.72: கம்பைலர் சோதனை சொல்லும் ‘இல்லை’யை எவ்வளவு நம்பலாம்?

செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களில் மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, கோயில் காரியங்களுக்கு வரி எழுதுவது வழக்கம். அந்தப் புள்ளிக் கணக்குக்காக எங்கள் அப்பச்சி 2004-இல் சி மொழியில் எழுதிய சிறு நிரலை இப்போது நான் பராமரித்து வருகிறேன். காரைக்குடி வீட்டில் பழைய இன்டெல் கணினியில் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அதை, டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிக்கு அண்மையில் மாற்ற வேண்டி வந்தது. அந்த வேலையினூடே ஆட்டோகான்ஃப் என்ற கருவியின் அருமையையும், அதைப் பழைய நிலையிலேயே விட்டுவைப்பதன் ஆபத்தையும் ஒருசேரக் கண்டதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

1991-இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய இந்தக் கருவி, நாம் எழுதித் தரும் சிறு குறிப்பிலிருந்து நிறுவும் கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சோதிக்கும் ‘கன்ஃபிகர்’ என்னும் ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) உருவாக்கித் தருகிறது. நிரலை நிறுவுபவரிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை. கட்டளைகளை இயக்கும் ஷெல்லும், நிரலை இயந்திர மொழிக்குத் தொகுக்கும் கம்பைலரும், வழக்கமான சில யூனிக்ஸ் கட்டளைகளும் இருந்தால் போதும். கம்பைலரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் பார்த்து முடிவு செய்யாமல், ‘கான்ஃப்டெஸ்ட்.சி’ என்ற சிறு கோப்பை எழுதிக் கம்பைலரிடம் கொடுத்து, அது தொகுக்கிறதா என்று பார்த்து விடை எழுதுவதே இதன் முறை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இது நின்றுவிடுவதில்லை. தேவைப்படும் ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே தொட்டுப் பார்க்கிறது. பெயர் தெரியாத புதிய கம்பைலரோடும் பழைய நிரல்கள் ஒத்துப்போவதற்கு இந்த நேர்மையான முறையே காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் கேள்வி பிழையாக இருந்தால் விடையும் பிழையாகவே வரும். எங்கள் நிரலின் கன்ஃபிகர் எந்தப் புகாருமின்றி ஓடி முடிந்தது, நிரலும் ஓடியது. சோதனைக்காக ஒரு ரசீதைப் பதிந்தவுடன் மின்கம்பியைப் பிடுங்கி, மீண்டும் இயக்கிப் பார்த்தபோது அந்த ரசீதைக் காணவில்லை. எழுதியதை உடனே வட்டுக்கு அனுப்பும் ‘எஃப்சிங்க்’ அழைப்பு லினக்ஸில் கட்டாயம் இருக்கும் ஒன்று. கன்ஃபிகரோ அது ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அந்த அழைப்பே இல்லாத மாற்று வழியை நிரலுக்குள் வைத்திருந்தது. அவ்வழியில், எழுதிய தரவு நினைவகத்தில் அரை நிமிடம்கூடத் தங்கியிருக்கக்கூடும்.

காரணம், கன்ஃபிகர் தன் சோதனைகளைப் பதிந்து வைக்கும் ‘கன்ஃபிக்.லாக்’ கோப்பில் இருந்தது. ஆட்டோகான்ஃப்பின் ஆயத்தச் சோதனையைப் பயன்படுத்தாமல் அப்பச்சி தம் கைப்பட எழுதியிருந்த சோதனை நிரலில் ‘மெயின்’ என்ற சொல்லுக்கு முன்னால் முழு எண் வகையைக் குறிக்கும் ‘இன்ட்’ இல்லை. எஃப்சிங்க்கை அறிவிக்கும் ‘யுனிஸ்டிடி.எச்’ தலைப்புக் கோப்பும் சேர்க்கப்படவில்லை. இவ்விரண்டு விடுபடல்களையும் 1999-ஆம் ஆண்டின் சி தரநிலையே விலக்கிவிட்டது என்றாலும், கம்பைலர்கள் நெடுங்காலம் எச்சரிக்கை மட்டும் தந்து விட்டுவிட்டன. 2023-இல் வந்த கிளாங் 16 என்ற கம்பைலர் இவற்றைப் பிழைகளாக்கியது. 2024 மே மாதம் வந்த இன்னொரு கம்பைலரான ஜிசிசி 14-உம் அவ்வாறே செய்தது. டெபியன் 13-இல் இருப்பது ஜிசிசி 14. ஆக, எஃப்சிங்க் இருக்கிறதா என்று கேட்ட இடத்தில், கேட்ட வாக்கியத்தில் இலக்கணப் பிழை என்று கம்பைலர் சொன்னதைக் கன்ஃபிகர் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. திரையில் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து எவராலும் இதைக் கண்டறிய முடியாது. தோற்ற ஒவ்வொரு சோதனையின் மூல நிரலையும் கம்பைலரின் பிழைச் செய்தியையும் ஆட்டோகான்ஃப் அப்படியே சேமித்து வைக்கிறது. இக்கருவியில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

ஆயத்தச் சோதனையோ தேடும் செயற்கூற்றைத் தானே அறிவித்துக்கொள்வதால் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. கையால் எழுதிய பகுதியை நீக்கிவிட்டு ஆயத்தச் சோதனையை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்து, 2023 டிசம்பரில் வெளியான 2.72 பதிப்பைக் கொண்டு ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்கியதும் விடை ‘ஆம்’ என்று மாறியது. நம் குறிப்பில் உள்ள வழக்கொழிந்த மேக்ரோக்களை (சுருக்கக் கட்டளைகளை) உடன் வரும் ‘ஆட்டோஅப்டேட்’ கருவி பெருமளவு மாற்றித் தருகிறது. கைப்பட எழுதிய சோதனைகளின் உள்ளடக்கத்தை மட்டும் நாமேதான் படித்துத் திருத்த வேண்டும். 2012-இல் வந்த 2.69-க்குப் பிறகு அடுத்த பதிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது என்பதால், பழைய ஸ்கிரிப்டுகளை அப்படியே சுமந்து வரும் நிரல் பொதிகள் இன்னும் ஏராளம்.

கன்ஃபிகரால் பிடிக்க இயலாத பிழைகளும் உண்டு. இன்டெல் கணினியில் ஜிசிசியின் ‘சார்’ என்னும் எழுத்து வகை எதிர்ம எண்ணை ஏற்கும். ராஸ்பெர்ரி பையில் உள்ளது போன்ற ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் ஏற்காது. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1-ஐ ‘சார்’ மாறியில் வாங்கி ஒப்பிட்ட எங்கள் சுழற்சி ஒன்று ராஸ்பெர்ரி பையில் முடியவே இல்லை. கம்பைலரின் இந்த இயல்பைச் சோதித்துச் சொல்ல ஆட்டோகான்ஃப்பில் வழி இருக்கிறது என்றாலும், மாறியை ‘இன்ட்’ ஆக்குவதே சரியான தீர்வு.

வேகம் இதன் குறை; ஒவ்வொரு கேள்விக்கும் கம்பைலரை எழுப்புவதால் சிறிய கணினியில் பொறுமை வேண்டும். ஆட்டோகான்ஃப் குறிப்பை எழுதப் பயன்படும் எம்4 மொழியின் அடைப்புக்குறிகளும் புதியவர்களைத் திணறடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதே வேலையைச் செய்யும் சிமேக்கையோ மீசானையோ பரிந்துரைப்பேன். ஆனால் அவையும் இதே தொகுத்துப் பார்க்கும் முறையைக் கையாள்வதால், கைப்பட எழுதும் சோதனைகளில் இதே பிழை அங்கும் நேரலாம். ஏற்கெனவே ஆட்டோகான்ஃப்பில் இருக்கும் நிரலை வைத்திருப்பவர் அதைக் கைவிட வேண்டியதில்லை, 2.72-க்கு உயர்த்திக்கொண்டு, கைப்பட எழுதிய சோதனைகளைத் திருத்தினாலே போதும்.

புள்ளிக் கணக்கு ஓடும் பெட்டியில் இப்போது கன்ஃபிக்.லாக்கின் பிரதி ஒன்றையும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கம்பைலர் மாறும்போது, பழைய விடைகளையும் புதிய விடைகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே ஓர் ‘ஆம்’ ‘இல்லை’யாகியிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.