ஆவணம் தேட நம்பலாம், நாள் கணக்குக்கு நம்ப முடியாது

சிங்கப்பூரை அமர்விடமாக (எந்த நாட்டுச் சட்டம் நடைமுறைக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் இடமாக) கொண்ட ஒரு கட்டுமான நடுவர் வழக்குக்காக, அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பளிக்கும் வழக்குக்காக, ஆவணங்களைப் படித்துத் தொகுத்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை எங்கள் அலுவலகம் மூன்று மாதச் சந்தாவில் வாங்கியது. மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, தளப் பதிவேடு என ஏறத்தாழ பதினோராயிரம் பக்கங்கள் அதில் ஏற்றப்பட்டன.

தேடுவதில் அது கொடுத்த பணத்துக்குத் தகுதியானது. மணல் வராமல் வேலை நின்ற நாட்களைக் கேட்டபோது, "லோடு இன்றும் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்த மேற்பார்வையாளரின் கைக்குறிப்பைக்கூட எடுத்து, மூலப் பக்கத்தை அருகிலேயே திறந்து காட்டியது. சொல்லைத் தேடும் பழைய மென்பொருள்களில் அந்தக் குறிப்பு எங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

காலவரிசை தயாரிப்பதில்தான் பெரும் குறை. பன்னாட்டுக் கட்டுமானப் பணிகளில் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் சிவப்பு நூலின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், 20.1ஆம் பிரிவின்படி, ஒப்பந்ததாரர் நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் கோரிக்கையையே இழக்க நேரிடும். எங்கள் கட்சிக்காரர் ஜூன் 20 அன்று நடந்ததற்கு 08/07/2019 என்று தேதியிட்டு, அதாவது பதினெட்டாம் நாளில், கடிதம் அனுப்பியிருந்தார். மென்பொருள் அதை அமெரிக்க வழக்கப்படி ஆகஸ்ட் 7 என்று படித்து, நாற்பத்தெட்டாம் நாள் என்று அட்டவணையில் எழுதிவிட்டது. ஐயக்குறி ஒன்றுகூட இடவில்லை. அட்டவணையை அப்படியே தாக்கல் செய்திருந்தால், உரிய காலத்தில் கொடுத்த அறிவிப்பைக் காலம் கடந்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

சட்ட ஆய்வுப் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். செயற்கை நுண்ணறிவு புனைந்து தந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2023இல் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அங்கே எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. வணிக நடுவர் தீர்ப்புகளோ பெரும்பாலும் வெளியிடப்படுவதே இல்லை என்பதால், பொய் மேற்கோளைப் பிடிப்பது இங்கே இன்னும் கடினம். சிலிக்கான் வேலி நடுவர் தீர்ப்பு மற்றும் சமரச மையம், நடுவர் வழக்குகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது குறித்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கிடைத்த விடையைச் சரிபார்க்கும் பொறுப்பை வழக்கறிஞரிடமே வைத்திருப்பது மிகச் சரியானது.

இரகசியம் காப்பது பற்றியும் வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஆவணங்கள் மென்பொருளின் பயிற்சிக்கு எடுக்கப்படுமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வர ஒன்பது நாட்கள் ஆயின. அதுவரை ஒரு பக்கத்தைக்கூட நாங்கள் ஏற்றவில்லை. தேடலுக்காக மட்டும் சந்தாவை நீட்டித்திருக்கிறோம். தேதி முறையைப் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதி வரும்வரை காலவரிசையைக் கையால்தான் எழுதுகிறோம்.