முட்டையில்லா மயோனைஸ்: பதம் சரி, லேபிள் வாசகம் சரியில்லை

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததை அடுத்து, எங்கள் வீட்டிலும் முட்டையில்லா வகைக்கு மாறினோம். இப்போது வாங்கியிருக்கும் பாட்டிலின் பதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு தேக்கரண்டியளவு எடுத்துத் தண்ணீரில் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்காமல் தண்ணீர் முழுவதும் பால்போல் வெளுக்கிறது. எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் பரவியிருக்கும் பால்மம் இது என்பதற்கு அதுவே போதுமான சான்று. வெண்ணெயில் இது நடக்காது, ஏனெனில் அங்கே கொழுப்புக்குள்தான் நீர்த்துளிகள் சிறைப்பட்டிருக்கின்றன.

முட்டை மயோனைஸில் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினும் புரதங்களும், ஒரு பக்கம் எண்ணெயையும் மறுபக்கம் நீரையும் பற்றிக்கொண்டு, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கின்றன. இந்தப் பாட்டிலில் அந்த வேலையை 1450 என்று குறிக்கப்பட்டுள்ள மாற்றியமைத்த ஸ்டார்ச் செய்கிறது. 415 எனப்படும் சாந்தன் கோந்து நீரைக் கெட்டியாக்கித் துளிகளின் நடமாட்டத்தைக் குறைக்கிறது. சுவையில்தான் தடுமாறியிருக்கிறார்கள். வினிகரின் புளிப்பை மீறிச் சர்க்கரை நாக்கில் நிற்கிறது.

என் உண்மையான மனக்குறை, முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘வயிற்றுக்கு லேசானது’ என்ற வாசகம். எண்ணெய் ஏற்கெனவே நுண்துளிகளாக இருப்பதால் செரிமானத்துக்குப் பெரிதாக வேலையில்லை என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இரைப்பையின் அமிலத்திலும் அசைவிலும் இந்தப் பால்மத்தின் அமைப்பு மாறிவிடுகிறது. சிறுகுடலுக்கு வந்ததும், கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேமிக்கப்பட்டிருக்கும் பித்தநீர் கொழுப்பைப் புதிதாகப் பால்மமாக்குகிறது. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் இல்லை. துளிகளைச் சிறிதாக்கிப் பரப்பை அதிகரித்துக் கொடுப்பதே அதன் பங்கு. அந்தப் பரப்பின் மீது கணையத்தின் லைப்பேஸ் அமர்ந்து கொழுப்பைச் சிதைக்க, சிதைந்தவற்றைக் குடல்சுவர் வரை கொண்டுசேர்ப்பதும் பித்த உப்புகள்தான். துளி எத்தனை சிறியதானாலும் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதில் மாற்றமில்லை, எண்ணெயோ இந்தப் பொருள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது.

சாண்ட்விச்சில் மெல்லியதாகத் தடவ மீண்டும் வாங்குவேன், ஆனால் சிறிய பாட்டிலாக. திறந்த பிறகு ஃப்ரிட்ஜின் கதவில் வைத்தால் போதும்; ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகங்கள் துளிகளின் உறையைக் கிழித்துவிடக்கூடும், பிரிந்த எண்ணெயைக் கரண்டியால் கலக்கிப் பழைய பதத்துக்குக் கொண்டுவருவது கடினம்.