38,500 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வயர்: சேலம்காரர்கள் கவனம்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். சேலத்தில் விலை உயர்ந்த ஆடியோ சாமான்கள் விற்கும் ஒரு ஷோரூமில், வெறும் ஸ்பீக்கர் வயருக்கு 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். 3 மீட்டரில் ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

அப்பா விட்டுப்போன ஸ்பீக்கருக்காகத்தான் போனேன். அதைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஏசி அறையில் உட்காரவைத்து, "சார், கண்ணை மூடிக் கேளுங்க" என்றார். முதலில் சாதா வயரில் நாதஸ்வர ஆலாபனை. அப்புறம் இந்த வயரில் அதே ஆலாபனை. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது நிஜமாகவே நன்றாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா சாமானுக்குப் போய் கணக்குப் பார்ப்பீங்களா சார்?" கார்டை நீட்டிவிட்டேன்.

அம்மாபேட்டையில் வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒரு வித்தியாசமும் இல்லை. மச்சான் எலக்ட்ரீஷியன். "ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர்ல போக வர 6 மீட்டருக்கு, கரண்டுக்குத் தடை 0.05 ஓம்கூட வராதுங்க மாமா. ஸ்பீக்கரே 8 ஓம். காதுக்கு என்ன தெரியும்?" என்றான். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, கரண்ட் வேலைக்கு வைத்திருந்த வயரையும் இதையும் பத்து தடவை மாற்றி மாற்றிப் போட்டான். என்னால் சொல்லவே முடியவில்லை. கடையில் ரிமோட் யார் கையில் இருந்தது என்று அவன் கேட்டபோதுதான், இரண்டாவது வயருக்குச் சத்தத்தைக் கூட்டியிருக்கலாம் என்று உறைத்தது. சத்தம் ஒரு துளி கூடினாலே காது அதைத் தரம் என்று நம்பிவிடும்.

போன் போட்டால், "வயர் பழகணும் சார், 200 மணி நேரம் ஓடட்டும்." திருப்பிக் கொடுக்க 7 நாள்தான் கெடு! தினம் 3 மணி நேரம் கேட்டாலும் 200 மணி நேரத்துக்கு இரண்டு மாதம் தாண்டும். அடுத்த தடவை, "உங்க ரூம் சரியில்லை." அதற்கடுத்து, "ஓனர் ஏற்காடு போயிருக்கார்." நேரில் போனால், "பாக்ஸ் பிரிச்சாச்சே." பில்லிலும் 'ஆக்சஸரீஸ் 38,500' என்று மட்டும்தான் இருக்கிறது.

2007-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர், இப்படிப்பட்ட வயரைக் காதால் மட்டுமே பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் என்று சவால் விட்டாராம். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. இதெல்லாம் பணம் போனபிறகு படிக்கிறேன்.

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. ரிமோட்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பொருளின் பெயரும் திருப்பித்தரும் கெடுவும் பில்லில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். வீட்டுக் கதையைக் கடையில் சொல்லாதீர்கள். நான் காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுகிறேன்.